பழைய மேசையும் ஆறு கம்பியும்: கிட்டார் கேள்வி-பதில்

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் செய்ய முடியுமா? அது கம்பெனி வேலை அல்லவா?

பதில்: கெட்டி உடல் கிட்டார் என்ற யோசனை ஒரு பெரிய கம்பெனிக்கே வெளியிலிருந்துதான் போயிற்று. 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் லெஸ் பால் என்ற கலைஞர், நாலங்குலத்துக்கு நாலங்குலம் பைன் கட்டை ஒன்றில் கம்பியும், அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் பொருத்தி வாசித்தார். பார்ப்பவர்களுக்கு அது விறகாகத் தெரிந்தது. எனவே சாதாரணக் கிட்டார் ஒன்றின் உடலை இரண்டாக அறுத்து, கட்டையின் இரு பக்கமும் ஒட்டவைத்தார். ஒலிக்கு அந்தத் துண்டுகளால் பெரிய லாபம் இல்லை; கண்ணுக்காகச் சேர்த்தவை. கட்டையைப் பார்த்துக் கையை விரித்த கிப்ஸன் நிறுவனம், 1952-இல் அவர் பெயரையே சூட்டி ஒரு கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வீட்டில் செய்ததில் உலகமே கேட்ட கிட்டார் வேறொன்று. லண்டனை ஒட்டிய ஃபெல்தமில் 1963 ஆகஸ்டில், 16 வயதுப் பையனும் அவனுடைய அப்பாவும் தொடங்கிய வேலை அது. பையன் பிரையன் மே; அப்பா ஹாரல்ட், மின்னணுப் பொறியாளர். முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. ‘ரெட் ஸ்பெஷல்’ என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டார்தான் பிறகு குயீன் என்ற ராக் குழுவின் இசைத்தட்டுகளில் ஒலித்தது. 2002 ஜூனில் எலிசபெத் அரசியின் பொன்விழாவுக்காக பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்று மே தேசிய கீதம் வாசித்ததும் அதிலேயே. கீழேயுள்ள பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: ரெட் ஸ்பெஷலுக்கு மொத்தம் 8 பவுண்டு ஆனது என்று ஒரு கணக்கு பல இடங்களில் சொல்லப்படுகிறது. அப்பாவின் இரண்டு ஆண்டு மாலைப்பொழுதுகளுக்குக் கூலி அதில் சேரவில்லை. பொதுவாக மரத்தில் மிச்சம் பிடிக்கலாம். சுருதி முடுக்கும் ஆணிகளிலும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலும் பிடிக்கக்கூடாது. கடைக் கிட்டாரைவிட மலிவாக முடியும் என்று நம்பி இறங்குபவர், பட்டறைக் கருவிகளுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டால் மட்டுமே நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

கேள்வி: நல்ல ஒலிக்கு எந்த மரம்?

பதில்: கிட்டார்க்காரர்கள் அடித்துக்கொள்ளும் விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம். கம்பியின் அதிர்வை உடல் பெருக்கிக் காட்டவேண்டிய மரக்கிட்டாரில், மேல்பலகையின் மரமே பாதிச் சங்கீதம். எலெக்ட்ரிக் கிட்டாரில் காது கொடுப்பது பிக்கப். அது எஃகுக் கம்பியின் அசைவை மட்டும் கவனிக்கிறது. 1969-இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த கிட்டாருக்கு உடல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பிளாஸ்டிக். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மேடையில் வாசித்தார். மரம் இல்லையே என்று யாரும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ரெட் ஸ்பெஷலின் கழுத்து, கணப்படுப்பைச் சுற்றி இருந்த பழைய மகோகனிச் சட்டம். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய மேசையின் ஓக். மீதி பிளாக்போர்டு என்னும் ஒட்டுப்பலகை; மேலே மகோகனி வெனீர். விளிம்பைச் சுற்றி ஓடும் அழகான வெள்ளைக் கரை, அலமாரிப் பலகையின் ஓரத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை. மரத்தின் ஜாதி பார்த்து விலை சொல்பவர் இந்தப் பட்டியலைக் கண்டால் கடையைப் பூட்டிவிட்டுப் போவார்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய சட்டமும் மேசையும் பல பத்தாண்டுகள் வீட்டுக்குள் கிடந்து நன்றாக உலர்ந்தவை. ஈரமுள்ள மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். கழுத்து ஒரு மில்லிமீட்டர் முறுக்கினாலும் கிட்டார் வாசிக்க ஆகாது. ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கும் மரமே வேலைக்கு உகந்தது. தேக்கா, மகோகனியா என்று கேட்பதற்கு முன் எத்தனை ஆண்டு காய்ந்தது என்று கேட்பது நல்லது.

கேள்வி: மரத்தில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால்?

பதில்: அந்த மகோகனிச் சட்டத்திலும் இருந்தது. தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள்.

கேள்வி: கழுத்துக்குள் இரும்புக் கம்பி எதற்கு?

பதில்: ஆறு கம்பிகளையும் சுருதிக்கு ஏற்றினால், மெல்லிய கம்பித் தொகுதியிலேயே மொத்த இழுவிசை 35 முதல் 45 கிலோ வரும். அத்தனை கனம் இரவும் பகலும் கழுத்தை முன்னோக்கி வளைக்கப் பார்க்கும். எதிர்ப்பக்கமாக இழுத்துப் பிடிக்க, கழுத்தின் நீளத்துக்குப் பள்ளம் தோண்டி, திருகாணியால் முறுக்கக்கூடிய எஃகுக் கம்பி ஒன்றைப் புதைப்பது வழக்கம். 1920-களில் கிப்ஸன் நிறுவனத்தின் தேடியஸ் மெக்ஹியூ காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பேர் ‘ட்ரஸ் ராட்’. வீட்டுத் தச்சர்கள் சோம்பலில் விட்டுவிடும் முதல் உறுப்பும் இதுவே. ஆறு மாதம் கழித்து வருந்தும் முதல் உறுப்பும் இதுவே.

கழுத்தின் முதுகை எவ்வளவு இழைப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. வாசிப்பவரின் உள்ளங்கையே அளவுகோல். பிரையன் மேயின் கழுத்து வழக்கத்தைவிடத் தடிமனும் அகலமும் கூடியது. மற்றவர்களுக்கு அது முரடாகத் தோன்றும். இழைப்புளியும் அரமும் போன இடத்தில் மரம் திரும்ப முளைக்காது என்பதால், ‘இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்’ என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்தி, ஒரு நாள் கழித்துப் பிடித்துப் பார்ப்பவர் பிழைத்தார்.

கேள்வி: கழுத்தின் குறுக்கே வரும் ஃப்ரெட் கம்பிகளை எந்த இடைவெளியில் பதிப்பது? கடைக் கிட்டாரைப் பார்த்துக் கோடு கிழித்தால் போதுமா?

பதில்: இரண்டு கிட்டாருக்கும் கம்பி நீளம் ஒன்றாக இருந்தால் போதும். இல்லையென்றால் கணக்குப் போட்டே ஆகவேண்டும். வீட்டில் செய்யும் கிட்டார் நாசமாகப் போவதற்கு மரமோ வார்னிஷோ காரணமாவது அபூர்வம். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகிறது.

கணக்கு இது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிக்கிறார்கள். ஸ்தாயி ஏறினால் கம்பியின் நீளம் பாதியாகிறது; ஆகவே ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் எஞ்சிய நீளத்தை ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அந்த விகிதம் 2-இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது 1.05946. பட்டறை மொழியில் சொன்னால், எஞ்சிய நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தூரம் வந்துவிடும். ரெட் ஸ்பெஷலின் கம்பி நீளம் 24 அங்குலம், அதாவது 609.6 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் 34.2 மில்லிமீட்டரில் வரும். இரண்டாவது அதிலிருந்து 32.3 தள்ளி. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 304.8-இல்.

பழங்காலத்தில் 17.817-க்குப் பதில் முழுசாக 18-ஆல் வகுத்தார்கள். 18-க்கு 17 என்ற அந்த விகிதத்தை 16-ஆம் நூற்றாண்டில் ல்யூட் வாத்தியத்துக்குப் பரிந்துரைத்தவர் வின்சென்ஸோ கலிலெய். வியாழனுக்கு நிலவுகளைக் கண்ட கலிலியோவின் அப்பா. மேற்சொன்ன 24 அங்குலத்தில் அவர் வழியே போனால், பன்னிரண்டாம் ஃப்ரெட் உரிய இடத்துக்கு 2.2 மில்லிமீட்டர் முன்னால் விழுந்து, சுரம் ஒரு பிடி தாழும். ஆனால் கம்பியை அழுத்தும்போது அதன் இறுக்கம் கூடிச் சுரம் சற்று ஏறும். ஒரு தவறு இன்னொன்றைப் பெரும்பாலும் மறைத்துவிட, அந்த 18 என்ற எண் நூற்றாண்டுகள் தாண்டியும் பட்டறைகளில் உயிரோடு இருந்தது.

இன்னொரு எச்சரிக்கை: ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அதற்கு முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால், தலைக்குக் கால் மில்லிமீட்டர் பிசகினாலும் இருபதாவதற்குள் ஐந்து மில்லிமீட்டர் போய்விடும். எல்லா அளவையும் கம்பி தொடங்கும் நட்டிலிருந்தே எடுக்க வேண்டும். எஃகு ஸ்கேலை ஒருமுறை வைத்தால், கடைசிக் கோடு விழும்வரை நகர்த்தக்கூடாது.

கேள்வி: வீணையில் மெழுகின்மேல் மெட்டு நிறுத்தி, காதால் கேட்டுக் கேட்டுத் தள்ளிவைக்கிறார்களே. அந்த வசதி இதில் இல்லையா?

பதில்: இல்லை. ரெட் ஸ்பெஷலுக்கும் வீணையைப் போல 24 தான். ஒற்றுமை அத்தோடு சரி. மெழுகு மன்னிக்கும், மரம் மன்னிக்காது. விரல் பலகையில் அரை மில்லிமீட்டர் சொச்ச அகலத்துக்கு ரம்பத்தால் வெட்டிய பள்ளத்தில் ஃப்ரெட் கம்பியைத் தட்டி இறக்கிவிட்டால், அது அங்கேயே குடியிருக்கும். வீணையில் மெழுகு தேயும்போது மறுபடி மெட்டுக் கட்டவேண்டும்; கிட்டாருக்கு அந்தத் தொல்லை கிடையாது. தவறாகப் பதித்தால் அந்தத் தவறுக்கும் தொல்லை கிடையாது.

விரல் பலகைக்கு ஈட்டி மரம் உலகெங்கும் பேர் பெற்றது. வளர்ப்பவர்களுக்கு இல்லை, வெட்டுபவர்களுக்குக் கிராக்கி என்பதால் 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது. பிரையன் மே ஓக் பலகைக்குக் கறுப்புப் பூசி ஈட்டியின் இடத்தில் வைத்தார். இடம் காட்டும் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள்.

கேள்வி: பிக்கப்பையும் வீட்டிலேயே சுற்றலாமா?

பதில்: பொறுமை இருந்தால் சுற்றலாம். காந்தம் ஒன்று, அதைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி. கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஸ்ட்ராடோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் சுமார் 8,000 சுற்று. காந்தப் புலத்தில் எஃகுக் கம்பி அதிரும்போது புலம் மாறுகிறது. மாறும் புலம் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தை எழுப்புகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டது இதுவே. அவருக்கு ராக் பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். நைலான் கம்பி பூட்டினால் ஒன்றும் கேட்காது.

பிரையன் மே முதலில் பொத்தான் காந்தங்களை வாங்கித் தானே பிக்கப் சுற்றினார். ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும்போது தேவையற்ற சத்தமும் கூடவே வந்தது. கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் ‘ட்ரை-சோனிக்’ பிக்கப்கள் மூன்றை வாங்கிப் பொருத்தினார். எல்லாவற்றையும் சொந்தக் கையால் செய்தே தீருவது என்று அடம்பிடிக்காதது அந்தக் கிட்டாருக்கு வாய்த்த புத்திசாலித்தனம்.

வாங்கியதையும் அப்படியே விடவில்லை. சுருளின் சுற்றுகள் தளர்வாக இருந்தால், பெரிய ஒலியில் அவையே அதிர்ந்து மைக் போலக் கீச்சிடும். அதை அடக்க அரால்டைட் பசையைச் சுருளுக்குள் ஊற்றினார். அமெரிக்காவில் எடி வான் ஹேலன் என்ற கிட்டார் கலைஞர் இதே நோய்க்கு உருகிய பாரஃபின் மெழுகில் பிக்கப்பை முக்கினார். மெழுகு வைத்தியத்தில் சூடு ஏறினால் பிளாஸ்டிக் சட்டமும் சேர்ந்து உருகும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரம் வைத்து, 65 டிகிரியை ஒட்டி நிறுத்துவது நல்லது. மெழுகு எரியும் பொருள். நேரடித் தீ வேண்டாம்.

கேள்வி: ரெட் ஸ்பெஷலில் மூன்று பிக்கப்புக்கு ஆறு ஸ்விட்ச் ஏன்?

பதில்: பிக்கப் ஒன்றுக்கு இரண்டு. ஒன்று அதை இயக்கவும் அணைக்கவும். மற்றது அதன் மின்முனைகளை மாற்றிப் போட. இரண்டு பிக்கப்கள் ஒரே திசையில் சேர்ந்தால் ஒலி தடிக்கும். ஒன்றைத் திருப்பிவிட்டால் இரண்டுக்கும் பொதுவான கனத்த பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, மீந்த மெல்லிய பகுதி மட்டும் மூக்கால் பாடும். தொழிற்சாலைக் கிட்டார்களில் பிக்கப்களைப் பக்க இணைப்பில் போடுவது வழக்கமாக இருக்க, இதில் மூன்றும் தொடர் இணைப்பு. அதனால் கூடுதல் பலம் கிடைத்தது. அப்பா மின்னணுப் பொறியாளர் என்பது இந்த இடத்தில் தெரிகிறது.

சால்டரிங் பற்றி ஒரு வார்த்தை போதும்: பிரிட்ஜிலிருந்து எர்த் வயர் போக மறந்தால், கம்பியில் கை வைத்திருந்தாலும் கிட்டார் வண்டாக ரீங்கரிக்கும்.

கேள்வி: கைப்பிடியை அசைத்து ஒலியைத் தாழ்த்தி உயர்த்துகிறார்களே, அந்த அமைப்பு வீட்டில் செய்யக்கூடியதா?

பதில்: ரெட் ஸ்பெஷலுக்குச் செய்தார்கள். கடினமாக்கிய எஃகுக் கத்தி ஒன்றின் கூரிய விளிம்புதான் அச்சு. ஒருபக்கம் ஆறு கம்பிகளின் இழுவை. மறுபக்கம் அதைச் சமன்செய்ய இரண்டு ஸ்பிரிங்குகள், 1928-ஆம் ஆண்டு பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வுகளில் இருந்தவை. கைப்பிடி, சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் இருப்பது அம்மாவின் ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை. அம்மாவுக்கு இந்தத் திட்டத்தில் நஷ்டம் சற்று அதிகம்.

பொறுக்கிய சாமான் என்று சிரிப்பதற்கு முன், பொறியியலைப் பார்க்க வேண்டும். கைப்பிடியை விட்டதும் கம்பி பழைய இடத்துக்குத் துல்லியமாகத் திரும்பாவிட்டால் சுருதி கலையும். திரும்பவிடாமல் தடுப்பது உராய்வு. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சிறு உருளை வைத்தார்கள். நட் இருக்கும் இடத்தில் ஒரு பூஜ்ய ஃப்ரெட். கிட்டாரின் தலை மிகச் சிறிய கோணத்திலேயே சாய்ந்தது. கம்பி உரசும் இடம் ஒவ்வொன்றையும் தேடித் தேடி ஒழித்திருக்கிறார்கள்.

கேள்வி: பாலிஷ் போடுவதற்கு எளிய வழி என்ன?

பதில்: வேறொருவரிடம் கொடுப்பது. சொந்தக் கையால்தான் என்றால், பாலிஷின் பெரும்பங்கு உப்புத்தாளிலேயே முடிந்துவிடுகிறது. 120-இல் தொடங்கி 180, 240 என்று ஏற வேண்டும். தேய்ப்பது மரத்தின் ரேகை போகும் திசையில் மட்டும். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் மரத்தில் தெரியாது. மேலே சாயம் ஏறியதும் எல்லாக் கீறலும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். கடைசித் தாளுக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் படுத்திருந்த நார்கள் நிமிரும். காய்ந்தபின் அவற்றைச் சீவிவிடலாம்.

மகோகனி போன்ற மரங்களில் கண்ணுக்குத் தெரியும் நுண்துளைகள் இருக்கும். அவற்றைப் பூரணம் வைத்து அடைக்காமல் பூசினால், எத்தனை கை பூசினாலும் பரப்பு கண்ணாடியாகாது. அதன்பின் சாயம், சீலர், அதற்குமேல் தெளிந்த பூச்சு. பூச்சு பல வகை. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்ப்பது பழைய வழி. அழகு கூடும், வியர்வைக்கும் சாராயத்துக்கும் தாங்காது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் 1950-களின் ஃபெண்டர், கிப்ஸன் கிட்டார்களின் பூச்சு. சீக்கிரம் காயும், சீக்கிரம் தீயும் பிடிக்கும். அதற்குக் காற்றோட்டமும் தகுந்த முகமூடியும் கட்டாயம். ரெட் ஸ்பெஷலுக்குப் போட்டது ரஸ்டின்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பூச்சு. இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் வேதிவினையில் கெட்டிப்படும் வகை.

எதைப் பூசினாலும் ஒரே விதி: ஒரு தடித்த பூச்சைவிடப் பத்து மெல்லிய பூச்சு மேல். லாக்கராக இருந்தால் கடைசிக் கை பூசியபின் மூன்று நான்கு வாரம் தொடாமல் தொங்கவிட்டு, அப்புறம் தண்ணீர் தொட்டு 800, 1200, 2000 எண் தாள்களால் தேய்த்து, பாலிஷ் பசையால் பளபளப்பை வரவழைக்க வேண்டும். விளிம்புகளில் கை தானாகவே மென்மையாக வேண்டும். பூச்சு அறுந்து மரம் எட்டிப்பார்ப்பது எப்போதும் அங்கேதான். கழுத்தின் முதுகில் பளபளப்பு வேண்டாம், கை ஒட்டும். ஸ்டீல் வுல் கொண்டு மங்கவைப்பவர் பிக்கப் பொருத்துவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். அந்த எஃகுத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் வெளியேற்றுவது பெரும்பாடு.

கேள்வி: மூன்று வாரமா! வெயிலில் வைத்தால் மூன்று நாளில் காயாதா?

பதில்: வடகம் காயும். லாக்கரின் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவியாகிக் கொப்புளமாக எழும்பும். மழைக்காலத்து ஈரக்காற்றில் பூசுவதும் ஆபத்து. பூச்சில் ஈரம் படிந்து வெண்மை பூக்கும்.

கேள்வி: இவ்வளவு சிரமம் இல்லாமல் சாதாரணப் பெயின்ட் அடித்தால் கேவலமா?

பதில்: எடி வான் ஹேலனின் ‘ஃப்ராங்கன்ஸ்ட்ராட்’ கிட்டாருக்கு அடித்தது சைக்கிள் பெயின்ட். உடலும் கழுத்தும் தனித்தனியாக மலிவு விலையில் வாங்கியவை. கறுப்படித்து, டேப் ஒட்டி, வெள்ளையடித்து, டேப்பை உரித்தார், கோடுகள் வந்தன. பிறகு சிவப்பும் ஏறியது. பின்னாளில் பெரிய நிறுவனம் ஒன்று அதன் ஒவ்வொரு கீறலையும் அப்படியே நகலெடுத்துக் கொள்ளை விலைக்கு விற்றது. கெட்டி உடலுள்ள எலெக்ட்ரிக் கிட்டாரில் பூச்சின் வகையால் ஒலி மாறுவது காதுக்கு எட்டாத அளவு. கண்ணுக்குப் பிடித்ததை அடிக்கலாம்.

கேள்வி: எல்லாம் பொருத்தியாயிற்று. மேல் ஃப்ரெட்களில் மட்டும் அபஸ்வரம். மறுபடி அறுக்க வேண்டுமா?

பதில்: ரம்பத்தை எடுப்பதற்கு முன் பிரிட்ஜைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் பிரிட்ஜின் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும். குறைவாக இருந்தால் முன்னுக்கு. ஆறு கம்பிக்கும் தனித்தனியே. தடித்த கம்பிகளுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுவதால் தாங்கிகள் கோணலாக நிற்கும். அது பிழை என்று நேர்ப்படுத்தக்கூடாது.

கம்பியின் உயரம் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். எங்காவது கரகரத்தால் அந்த ஃப்ரெட் பக்கத்தில் உள்ளதைவிடத் தூக்கி நிற்கிறது. நேரான அரத்தால் மட்டம் செய்ய வேண்டும்.

கேள்வி: மீட்டுவதற்கு எந்தப் பிளெக்ட்ரம்?

பதில்: பிரையன் மே மீட்டுவது ஆறு பென்ஸ் நாணயத்தால். 1980-இல் அது சட்டப்படி செல்லாக்காசு ஆனது. அவர் கையில் மட்டும் இன்றும் செல்லுபடி.

கேள்வி: ஆம்ப்ளிஃபையரையும் வீட்டிலேயே செய்துவிட்டால்?

பதில்: வால்வு ஆம்ப்ளிஃபையரில் பல நூறு வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கி நிற்கும். பழக்கம் இல்லாதவர் திறக்கக்கூடாத பெட்டி அது. 9 வோல்ட் பாட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வகையில் தொடங்கலாம். குயீன் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். 1970-களின் தொடக்கத்தில் குப்பைத்தொட்டியில் கிடந்த சர்க்யூட் போர்டு ஒன்றை எடுத்துவந்து சிறிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, 9 வோல்ட் பாட்டரியில் இயக்கினார். ‘டீக்கி ஆம்ப்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பெட்டியில் ரெட் ஸ்பெஷலைச் செருகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்துதான் குயீன் பாடல்கள் சிலவற்றில் வரும் கிட்டார் வாத்தியக்குழு உருவானது.